வலசைப் பறவைகளைக் காணச் செல்வோருக்கு: ஏரி, அணை, கடற்கரை – ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை

தமிழ்நாட்டில் வலசைப் பறவைகளைக் காண ஏற்ற காலம் பொங்கல் விடுமுறைதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஏரிகள் நிறைந்து, வெயில் தணிந்து, பறவைகள் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் ஜனவரி மாதம் பார்ப்பதற்கு எளிதானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வலசை என்பது ஒரு பயணம். பறவைகள் வந்து இறங்குவதையும், இரண்டொரு நாள் இரை தேடி உடம்பைத் தேற்றிக்கொண்டு மேலும் தெற்கே புறப்படுவதையும், ஒரு கூட்டம் போன இடத்தில் வேறொரு கூட்டம் வந்து நிற்பதையும் காண விரும்புவோர், ஆகஸ்ட் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரையிலான மாதங்களில் கரைக்குச் செல்ல வேண்டும். சைபீரியாவின் வடகோடியில் இலையுதிர்காலம் முழுமையாகத் தொடங்குவதற்கு முன்பே, நம்மூரில் ஆடிக்காற்று ஓய்வதற்குள், சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களில் முதல் கூட்டம் இங்கே இறங்கிவிடுகிறது.

புதிதாகத் தொடங்குபவர் கேட்கும் முதல் கேள்வி “எப்போது போகலாம்” என்பதாகவே இருக்கும். அதைவிடப் பயனுள்ள கேள்வி, “அங்கே தண்ணீர் இப்போது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது” என்பதே. எந்தப் பறவையை எந்தக் கரையில் காண்போம் என்பதை நாட்காட்டி பாதியளவுக்குத்தான் சொல்லும். மீதியைத் தண்ணீர் சொல்லும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த அடிப்படையிலேயே எழுதப்பட்டுள்ளது.

யார், எப்போது வருகிறார்கள்

நம் நிலத்துக்கு வரும் நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவை மத்திய ஆசிய வான்வழியைப் பயன்படுத்துகின்றன. வடதுருவக் கடலோரத்திலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை, 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் பாதை அது. இந்தியத் தீபகற்பமும் இலங்கையும் அப்பாதையின் தென்முனையில் இருப்பதால், நாம் காணும் பறவைகளில் ஒரு பகுதிக்கு இதுவே பயணத்தின் முடிவிடம். மற்றொரு பகுதிக்கு இது கடைசி இளைப்பாறும் இடம்.

முதலில் வருபவை கரைப்பறவைகளே. வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு நடக்கும் சாதாரண உள்ளானும், முதுகெங்கும் வெண்புள்ளி தெளித்த பொரி உள்ளானும் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே குளக்கரைகளில் தென்படும். சில ஆண்டுகளில் ஜூலை இறுதியிலேயே அவற்றைக் காணலாம். அடுத்து வரும் வாரங்களில் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி ஆகியவை சேரும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான் போன்ற வடதுருவப் பறவைகளில் முதிர்ந்தவை முன்னே புறப்பட்டுவிடும். அவ்வாண்டு பொரித்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்துத் தனியே வரும். பிறந்து சில மாதங்களே ஆன ஒரு பறவை, இதற்கு முன் கண்டிராத ஒரு கரையை நோக்கி, பெற்றோரின் துணையின்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து சேர்கிறது. ஆகவே ஆகஸ்ட் மாதக் கூட்டமும் அக்டோபர் மாதக் கூட்டமும், இனம் ஒன்றே ஆனாலும், வெவ்வேறு தலைமுறைகளைச் சேர்ந்தவை. இந்த வேறுபாட்டை இறகிலேயே படிக்க முடியும் என்பதைப் பின்னர் காண்போம்.

செப்டம்பரில் தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசை கட்டும். பழுப்புக் கீச்சான் முள்வேலிகளில் தன் எல்லையைக் குறிக்கும் கரகரப்பான குரலைத் தொடங்கும். சோளக்குருவிகள் கூட்டமாக வயல்களில் இறங்கும். வாத்துகளில் முந்தி வருவது நீலச்சிறகி. அக்டோபரில் ஆறுமணிக்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் இரவோடு இரவாக வந்து காலையில் தோட்டங்களில் காணப்படும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நாமத்தலை வாத்து ஆகியவை நவம்பரில் பெருகும். திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்துக்குப் புகழ் சேர்த்த பட்டைத்தலை வாத்து இவற்றுக்கும் பின்னரே வரும். மங்கோலியாவிலும் திபெத் மேட்டுநிலத்திலும் இனப்பெருக்கம் செய்யும் அந்த வாத்து, இமயத்தைக் கடக்கும்போது 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பறந்தது கருவி பொருத்திய ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. வேடந்தாங்கலில் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பவை “சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த பறவைகள்” என்று ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. அது சரியன்று. அங்கே மரங்களில் கூடுகட்டும் நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், அரிவாள் மூக்கன் ஆகிய அனைத்தும் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள். மழையையும் நீரையும் தொடர்ந்து உள்நாட்டுக்குள் இடம்பெயர்பவை. வடக்கிலிருந்து வரும் உள்ளான்களும் வாத்துகளும் இங்கே இனப்பெருக்கம் செய்வதில்லை. அவை வருவது உண்ணவும் ஓய்வெடுக்கவும் சிறகு மாற்றவுமே. இந்த இரு பிரிவுகளையும் பிரித்தறிந்தால்தான், ஒரு பறவை ஓர் ஏரியில் எதைத் தேடுகிறது என்பது விளங்கும்: முன்னதற்கு நீர் சூழ்ந்த மரம் வேண்டும், பின்னதற்குச் சேறு வேண்டும்.

தண்ணீரைப் படித்தல்

கொசு உள்ளானின் கால் நம் சுண்டுவிரலின் ஒரு கணு அளவே இருக்கும். அது ஈரச் சேற்றிலும், சேற்றின் மேல் படலமாகத் தேங்கிய நீரிலும் மட்டுமே மேய முடியும். பவளக்காலிக்கு விரல் ஆழம் போதும். கருவால் மூக்கனும் நெடுங்கால் உள்ளானும் அதைவிட ஆழத்தில் இறங்கும். தலையை நீருக்குள் அமிழ்த்தி வாலை மேலே தூக்கி மேயும் ஊசிவால் வாத்துக்கு ஏறத்தாழ ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை ஆழம் வேண்டும். இதற்கு அப்பால் ஆழமாகிவிட்டால், அந்த நீர்ப்பரப்பு நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் உரியதாகிவிடும். ஆகவே நிரம்பித் தளும்பும் ஏரி நம் கண்ணுக்கு அழகாக இருந்தாலும் ஓர் உள்ளானுக்கு அது வெறும் வெற்றிடமே; பாதி வற்றி, ஓரங்களில் சேறு கருத்துக் கிடக்கும் ஏரியே அதற்கு விருந்து.

இங்கே தமிழ்நாட்டின் மழைக்கணக்கு வட இந்தியாவின் கணக்கிலிருந்து முற்றிலும் மாறுபடுகிறது. வட இந்தியாவில் பறவைகள் வரும்போது பருவமழை முடிந்து நீர் வடியத் தொடங்கியிருக்கும். நம் பெரும்பாலான ஏரிகளோ, அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. அதனால் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அவை ஏறக்குறைய காய்ந்து கிடக்கும். நடுவில் மட்டும் கொஞ்சம் நீர் தேங்கியிருக்கும். அந்தத் தேக்கத்தைச் சுற்றி உள்ளான்கள் குவியும். நவம்பரில் நல்ல மழை பெய்ததும் ஏரி நிரம்பும், சேறு மறையும், உள்ளான்கள் ஓரிரு நாளில் இடம் மாறிவிடும். அதே ஏரிக்கு வாத்துகள் வந்துசேரும். “போன மாதம் நூற்றுக்கணக்கில் இருந்தன, இப்போது ஒன்றையும் காணோம்” என்று வருந்துபவர்கள் இந்த மாற்றத்தை எதிர்பார்த்துச் சென்றிருந்தால் ஏமாற்றம் இராது.

காவிரிப் பாசனத்தைச் சார்ந்த ஏரிகளுக்குக் கணக்கு வேறு. வழக்கமான ஜூன் 12-ஆம் தேதியை ஒட்டி மேட்டூர் திறக்கப்படும் ஆண்டுகளில், வடுவூர் ஏரிக்கும், புள்ளம்பாடி வாய்க்காலால் நீர் பெறும் கரைவெட்டி ஏரிக்கும் மழைக்கு முன்பே தண்ணீர் வந்துவிடும். மழை பொய்த்த ஆண்டுகளில் வறண்ட மாவட்டங்களின் பறவைகளும் இங்கே ஒதுங்குவதால், கரைவெட்டியின் மதிப்பு வறட்சிக் காலத்தில்தான் முழுமையாகத் தெரியும் என்பது என் கருத்து. வடுவூர் 2022-லும் கரைவெட்டி 2024-லும் ராம்சர் ஈரநிலங்களாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டன.

பெரிய அணைகளுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. நாளிதழ்களில் வெளியாகும் அணை நீர்மட்ட விவரத்தைத் தொடர்ந்து குறித்து வாருங்கள். மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி, பவானிசாகருக்கு 105 அடி, வைகைக்கு 71 அடி, வீராணத்துக்கு 47.50 அடி, பூண்டிக்கு 35 அடி. முழு மட்டத்தை ஒட்டி நீர் நிற்கும் அணையில் உள்ளான்களைத் தேடுவது வீண். மட்டம் நாள்தோறும் குறைந்து வரும் அணையிலோ ஒவ்வொரு நாளும் புதிய சேற்றுப்பட்டை ஒன்று வெளிப்படுகிறது. அதில் புழுக்களும் பூச்சிகளின் இளவுயிரிகளும் இன்னும் உயிரோடு இருக்கும். மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது கரையோரப் புல் மூழ்கி, அதிலுள்ள பூச்சிகள் மேலே ஏறுவதால், கொக்குகளும் வாலாட்டிகளும் விளிம்பைத் தொடர்ந்து நகரும். மேட்டூரில் நீர் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அந்தச் செய்தியைப் படித்தவுடன் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

ஏரியில் எங்கே நிற்பது

தமிழ்நாட்டு நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், நம் ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு மண்கரை கிழக்குப் பக்கத்தில் அமைந்திருக்கும். நீர் வந்து சேரும் ஆழமற்ற பகுதி மேற்கில் இருக்கும். இந்த எளிய அமைப்பிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, கரைமேல் நின்று பார்ப்பதற்கு விடியற்காலையே ஏற்றது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, பறவைகளின் மேல் நேராக ஒளி விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவைகளும் கருநிழலாகவே தெரியும். இரண்டாவது, கரையை ஒட்டி மதகுப் பக்கம் இருப்பது ஆழமான நீர் என்பதால், அங்கே முக்குளிப்பான்களும் நீர்க்காகங்களுமே கிடைக்கும். உள்ளான்களைக் காண வேண்டுமானால் ஏரியைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கத்து நீர்ப்பிடிப்பு ஓரத்துக்குப் போக வேண்டும். அப்பக்கம் போவதற்கு மாலை நேரமே வசதி. ஆக, காலையில் கரை, மாலையில் நீர்ப்பிடிப்பு என்று ஒரே நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கரைமேல் நடக்கும்போது வானத்தின் பின்னணியில் நம் உருவம் பெரிதாகத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. கரையின் உச்சியில் நடப்பதைவிட வெளிச்சரிவில் நடந்து, பனைமரமோ மதகுச் சுவரோ கிடைக்கும் இடத்தில் மட்டும் தலையை உயர்த்திப் பார்ப்பது நல்லது. ஒரே இடத்தில் கால்மணி நேரம் அசையாமல் அமர்ந்தால், முதலில் விலகிச் சென்ற பறவைகள் தாமாகவே நெருங்கி வரும். பலரும் பொறுமையிழந்து எழுந்துவிடுவது அதற்குச் சற்று முன்புதான்.

அணைகளின் நீர்ப்பரப்பு மிகப் பெரியது என்பதால் முழுவதையும் அலச முயல வேண்டாம். ஆறு வந்து கலக்கும் மேல்முனையையும், நீரில் நிற்கும் பட்டமரங்களையும், திட்டுகளையும் தேர்ந்தெடுங்கள். பட்டமரத்தின் உச்சியில் விரால் அடிப்பான் அமர்ந்திருக்கும். திட்டுகளில் ஆற்று ஆலாக்கள் காற்றை நோக்கி வரிசையாக நிற்கும். பவானிசாகரின் நீர்ப்பரப்பு சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. யானைகள் தண்ணீருக்கு இறங்கும் இடம். அனுமதியில்லாமல் அதன் ஓரங்களில் நடப்பது சட்டப்படி தவறு என்பதோடு உயிருக்கும் ஆபத்து.

கடற்கரை: கோடியக்கரையை முன்வைத்து

கடற்கரைக்கு ஓரிடம் மட்டும் செல்ல முடியும் என்றால், தயங்காமல் கோடியக்கரையைச் சொல்வேன். வேதாரண்யத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த முனையில் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. 1967-இல் சரணாலயமாகவும் 2002-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அப்பகுதியில், வறண்ட பசுமைமாறாக் காடும், உப்பளங்களும், முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டை நோக்கி மேற்கே நீளும் பெருஞ்சதுப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை சுமார் 55 கிலோமீட்டர்தான். இலங்கைக்குச் செல்லும் சிறுபறவைகள் கடலைத் தாண்டுமுன் கடைசியாகக் கால்வைக்கும் காடுகளில் அதுவும் ஒன்று. எனவே அக்டோபரில் கோடியக்கரைக்குச் செல்பவர் சதுப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. விடியலின் முதல் ஒரு மணி நேரத்தைக் காட்டோரத்துக்கு ஒதுக்குங்கள். சருகுகளைப் புரட்டும் ஆறுமணிக்குருவியும், உடலைப் பக்கவாட்டில் அசைக்கும் கொடிக்கால் வாலாட்டியும், அரசவால் ஈப்பிடிப்பானும், புதருக்குள் “டக், டக்” என்று ஒலிக்கும் கதிர்க்குருவிகளும் அந்த நேரத்தில்தான் வெளிப்படும். இரவில் மழை பெய்து விடிந்த காலைகளில், பயணத்தைத் தொடர முடியாமல் இறங்கிய பறவைகளால் இக்காடு நிறைந்திருக்கும்.

வெயில் ஏறியதும் சதுப்புக்கும் உப்பளத்துக்கும் செல்லலாம். குஜராத் கரைகளைப்போல் இங்கே கடல் மைல்கணக்கில் உள்வாங்குவதில்லை. நம் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும், பாக் நீரிணையில் அதைவிடவும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு சற்றுக் கூடும் என்பதால் அந்நாட்களைத் தேர்ந்தெடுப்பது பயன்தரும். ஆயினும் இவ்வளவு ஆழமற்ற, இவ்வளவு பரந்த நீர்ப்பரப்பில் காற்றே பெரிய சக்தி. மேற்கிலிருந்து வீசும் கச்சான் ஓய்ந்து, வடக்கிலிருந்து வாடை வீசத் தொடங்கியதும், நீர் காற்றடிக்கும் திசையில் தள்ளப்பட்டு, காற்று வரும் பக்கத்து ஓரத்தில் சேறு வெளிப்படும். மீனவர்களிடமும் உப்பளத் தொழிலாளர்களிடமும் “இன்று காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே ஏறியிருக்கிறது” என்று கேட்பதுதான் அங்கே முதல் வேலை. எந்தச் செயலியும் தராத விடையை அவர்கள் தருவார்கள்.

உப்பளப் பாத்திகளில் உவர்ப்பின் அளவு பாத்திக்குப் பாத்தி மாறுவதால் பறவைகளும் மாறும். கடல்நீர் முதலில் தேங்கும் பாத்திகளில் மீன் தின்னும் ஆலாக்களும் கொக்குகளும் இருக்கும். உவர்ப்பு கூடிய பாத்திகளில் மீன் இராது, ஆனால் பூச்சிகளின் இளவுயிரிகளும் உவர்நீர் இறால்களும் பெருகும் என்பதால் உள்ளான்களும் பூநாரைகளும் மேயும். பூநாரைகளின் வருகை இந்த உவர்ப்பைப் பொறுத்தே அமைகிறது. பெருமழை சதுப்பின் நீரை நன்னீராக்கிவிட்டால் அவை வேறிடம் தேடிப் போய்விடும். மழை குறைந்து நீர் சுண்டத் தொடங்கியதும் திரும்பும். “கோடியக்கரைக்குப் போனோம், பூநாரை இல்லை” என்று சொல்பவர்களில் பலர் பெருமழைக்கு அடுத்த வாரம் போனவர்களாக இருப்பார்கள்.

பழவேற்காடு, அடையாறு, ஒதியூர், மணக்குடி போன்ற முகத்துவாரங்களுக்கு இன்னொரு விதி சேர்கிறது. கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டிருந்தால் ஏற்றவற்றம் உள்ளே வராது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் மணலை உடைத்துக் கடலுக்கு வழிவிட்ட பின்னரே சேற்றுத் திடல்கள் நாள்தோறும் மூடித் திறக்கும். ஆகவே முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதை விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடலை நோக்கிப் பார்ப்பதற்கு மாலையே நல்ல நேரம். காலையில் சூரியன் கண்ணைக் கூசும். கரையோரம் கூடி நிற்கும் கடற்காகங்களில் பெரும்பாலானவை பழுப்புத்தலைக் கடற்காகங்கள். மத்திய ஆசியாவின் உயர்ந்த ஏரிகளில் கூடுகட்டும் அவை, குளிர்காலத்தில் தலையின் பழுப்பை இழந்து கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளியை மட்டும் வைத்திருக்கும். நவம்பர் மாதப் புயல்கள் கரைகடந்த மறுநாள், பெரும்பாலும் நடுக்கடலிலேயே வாழும் ஆலாக்கள் சில நேரங்களில் உள்நாட்டு ஏரிகளுக்குக்கூட அடித்துவரப்படும். அத்தகைய பறவை தளர்ந்து கிடந்தால் கையில் எடுத்துப் படம் பிடிக்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரைகடந்த கஜா புயல் கோடியக்கரைக் காட்டின் மரங்களைச் சாய்த்துவிட்டுச் சென்றதை இங்கே நினைவுகூர வேண்டும். பறவைகளைத் தேடிப் புயலுக்கு அருகே போவது எவருக்கும் தேவையற்றது.

கருவிகள்

8x42 என்று குறிக்கப்பட்ட இருகண் நோக்கி போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். 10 மடங்கு நோக்கி பெரிதாகக் காட்டினாலும் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். ஏரி, அணை, சதுப்பு ஆகியவற்றில் பறவைகள் தொலைவில் இருப்பதால், முக்காலியில் பொருத்திய 20–60 மடங்கு ஒற்றைக்கண் நோக்கி ஒரு குழுவுக்கு ஒன்றாவது இருந்தால் பெரும் உதவி. கேமரா இரண்டாம்பட்சமே, படம் எடுப்பதில் மூழ்கியவர் பறவை மேயும் முறையைத் தவறவிடுகிறார். தொப்பி, போதிய குடிநீர், மங்கிய நிற உடை, நனைந்தாலும் எழுதக்கூடிய பென்சில், சிறு குறிப்பேடு ஆகியவை அவசியம். அக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களில் இடி இறங்கும் என்பதால், மேகம் கருத்தவுடன் ஏரிக்கரையின் உச்சியிலிருந்தும் திறந்த சதுப்பிலிருந்தும் விலகிவிட வேண்டும். சதுப்பில் உள்ளூர்க்காரர் கால்வைக்காத இடத்தில் நாமும் கால்வைக்கக் கூடாது. மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேறு கீழே இடுப்பளவு குழைந்திருக்கலாம்.

உள்ளான்களை இனங்காணுதல்

தொடங்குபவர்கள் பின்வாங்கும் இடம் இதுவே. எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பாக, ஒரே அளவாகத் தோன்றும். நிறத்தை விட்டுவிட்டு, முதலில் அவை நடக்கும் முறையைப் பாருங்கள். உப்புக்கொத்திகள் பெரிய கண்ணும் குட்டையான அலகும் கொண்டவை. கண்ணால் பார்த்து இரை பிடிப்பதால், சில அடி ஓடி, சட்டென்று நின்று, ஒருமுறை கொத்தி, மீண்டும் ஓடும். உள்ளான்களோ அலகின் நுனியிலுள்ள உணர்வால் சேற்றுக்குள் இருக்கும் புழுவைக் கண்டுபிடிப்பவை. தலையைக் குனிந்தபடியே, தையல் இயந்திரத்தின் ஊசிபோல் விடாமல் குத்திக்கொண்டு நகரும். இந்த ஒரு வேறுபாடே கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடும்.

அடுத்தது அலகு. அதன் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். கொசு உள்ளானின் அலகு தலையைவிடக் குட்டை, நேரானது, கருப்பு, காலும் கருப்பு. வளைமூக்கு உள்ளானின் அலகு தலையைவிடத் தெளிவாக நீண்டு, நுனியை நோக்கிச் சீராகக் கீழே வளையும். எழுந்து பறக்கும்போது வாலின் அடிப்பகுதி வெள்ளையாகப் பளிச்சிடும். பவளக்காலி பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப்பட்டை தெரியும். பச்சைக்காலிக்குச் சிறகில் வெள்ளை இல்லை, முதுகின் நடுவே ஆப்பு வடிவில் வெள்ளை ஏறும். பெரிய கோட்டானின் (இது ஆந்தையன்று, கரைப்பறவை) அலகு தலையைப் போல் மும்மடங்கு நீளும். அதை வேறெதனுடனும் குழப்ப முடியாது. கருவால் மூக்கனுக்கும் பட்டைவால் மூக்கனுக்கும் உள்ள வேறுபாடு நிற்கும்போது கடினம், பறக்கும்போது எளிது: முன்னதன் சிறகில் வெள்ளைப்பட்டையும் வாலில் கருமையும் உண்டு. உள்நாட்டு ஏரியில் காண்பது பெரும்பாலும் கருவால் மூக்கனாகவே இருக்கும்; மற்றது கடற்கரையை விட்டு விலகுவது அரிது.

இப்போது வயது. ஆகஸ்ட் மாத வளைமூக்கு உள்ளான் ஒன்றை நோக்கியின் நடுவில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். மார்பிலும் வயிற்றிலும் செங்கல் சிவப்பு நிறம் திட்டுத்திட்டாக எஞ்சியிருக்கும். இடையிடையே வெள்ளை இறகுகள் முளைத்திருக்கும். முதுகின் இறகுகள் ஓரம் தேய்ந்து நைந்திருக்கும். சில மாதங்களுக்கு முன் மரங்களற்ற வடதுருவச் சமவெளியாகிய தூந்திரத்தில் அணிந்திருந்த இனப்பெருக்கக் கால உடையின் மிச்சம் அது. செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வரும் இளம்பறவையின் முதுகைப் பாருங்கள். ஒவ்வோர் இறகும் புதிதாய், வெளிர் விளிம்புடன், மீன்செதில் அடுக்கியதாகத் தெரியும். மார்பில் இளமஞ்சள் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். டிசம்பருக்குள் முதிர்ந்தவை அனைத்தும் சாம்பலும் வெள்ளையுமாகிவிடும். இளையவையும் ஏறக்குறைய அதே தோற்றத்துக்கு வந்துவிடும் என்பதால், இந்த வேறுபாட்டைக் காணக் கிடைப்பது இந்தச் சில வாரங்களில் மட்டுமே. இளம்பறவைகளின் பங்கைக் குறித்து வைப்பது, அவ்வாண்டு வடக்கே இனப்பெருக்கம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்றாகும்.

எண்ணும் முறை

ஆயிரம் பறவைகள் உள்ள கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளைச் சரியாக எண்ணி, அவை நோக்கியில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனத்தில் பதித்துக்கொண்டு, அந்த அளவைப் பத்துமுறை நகர்த்தினால் நூறு. பிறகு நூறின் அளவைக் கொண்டு மீதியை அளக்கலாம். கூட்டம் அடர்ந்த இடமும் கலைந்த இடமும் வேறுபடும் என்பதால் இரு இடங்களிலும் அளவை எடுக்க வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி, பின்னர் ஒப்பிடுவது சிறந்த பயிற்சி. எண்ணிக்கொண்டிருக்கும்போது கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தால் எரிச்சலடையாமல் வானத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்தோ பொரி வல்லூறோ மேலே இருக்கும்.

பறவைக்கு இடையூறு செய்யாமை

இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. கொசு உள்ளான் ஒன்றின் எடை ஏறத்தாழ 25 கிராம். அடுத்த கட்டப் பயணத்துக்கான எரிபொருளாகிய கொழுப்பை அது சேற்றில் கிடைக்கும் நேரத்தில் சேர்த்தாக வேண்டும். பறக்கும் கோணத்தில் படம் வேண்டும் என்பதற்காக நாம் கூட்டத்தை ஒருமுறை எழுப்பினால், அன்று தின்றதில் ஒரு பகுதி அந்தப் பறத்தலிலேயே கரைந்துபோகிறது. நாளுக்குப் பல குழுக்கள் இதையே செய்யும் இடத்தில் பறவைகள் அந்தக் கரையையே கைவிட்டுவிடுகின்றன. தலை நிமிர்த்தி மேய்வதை நிறுத்துவதும், மெல்ல விலகி நடக்கத் தொடங்குவதும் முதல் எச்சரிக்கைகள், அங்கேயே நின்றுவிடுங்கள். ட்ரோன் பறக்கவிடுவதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வலசைக் காலத்தில் அறவே கூடாது. சரணாலயங்களுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியும், உப்பளங்களுக்குள் செல்ல உரிமையாளரின் ஒப்புதலும் பெற வேண்டும். கூந்தன்குளத்திலும் வேடந்தாங்கலிலும் பறவைகள் தழைத்திருப்பதற்கு அந்த ஊர் மக்களின் தலைமுறைக் காவலே காரணம். அங்கே தீபாவளி நாட்களில் பட்டாசு ஒலி எழுப்ப வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அது வந்து செல்லும் நமக்கும் பொருந்தும்.

பதிவு செய்தல்

வீடு திரும்புவதற்கு முன், கரையில் இருக்கும்போதே பட்டியலை முடித்துவிடுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு, பார்த்த எல்லா இனங்களும், ஒவ்வொன்றின் எண்ணிக்கை ஆகியவற்றை பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால், அது ஆய்வாளர்கள் பயன்படுத்தக்கூடிய தரவாகிறது. காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரிய பறவைகளை மட்டும் குறிப்பது பட்டியலின் பயனைக் குறைத்துவிடும். இத்துடன், செயலி கேட்காத ஒன்றையும் குறிப்பில் சேர்க்குமாறு வற்புறுத்துகிறேன்: நீர்மட்டம். “ஏரி கால்பங்கு, மேற்கோரம் ஐம்பது அடி அகலச் சேறு, வாடைக்காற்று” என்று ஒரு வரி போதும். ஒரே ஏரியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிக் குறித்தவர், அடுத்த ஆண்டு எந்த வாரத்தில் எந்தப் பறவை வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

காலில் உலோக வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைக் கண்டால், எந்தக் காலில், முழங்கால் மடிப்புக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிற வரிசை, எழுத்து அல்லது எண் எது என்பவற்றை அப்போதே எழுதி, முடிந்தால் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. கரைப்பறவைகளின் எண்ணிக்கை முன்பிருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டதை வெளிக்கொணர்ந்ததும் அத்தகைய நீண்டகாலப் பணியே. வளைய விவரத்தை அக்கழகத்துக்கு அனுப்பினால், அப்பறவை எங்கே, எந்த ஆண்டு பிடித்து விடப்பட்டது என்பதை அறிய வழி பிறக்கும்.

அக்டோபர் மாதம் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. குழுவாகச் செல்லத் தொடங்குவதற்கு அது பொருத்தமான நாள். அதற்கு முன் ஆகஸ்டிலேயே வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஏரியைத் தேர்ந்தெடுத்து, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அதே நேரத்தில், அதே இடங்களில் நின்று எண்ணி வாருங்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் அதே ஏரியைப் பொறுப்பேற்றுக்கொள்ள அதற்குள் நீங்கள் தயாராகியிருப்பீர்கள்.